என் சிஸ்டத்துல ஓடுதுங்களே

ஜூன் 3, செவ்வாய்

பிரஷர் ஏறியிருக்கு, மனசுல இருக்கறதைத் தினமும் எழுதுங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மனசுல என்ன இருக்கு, ஆபீஸ்தான் இருக்கு. அதையே எழுதறேன்.

பல்லடம் பக்கம் இன்னொரு கிணத்து மோட்டார் கருகிருச்சு. இதோட மூணு. மூணும் எங்க கம்பெனி ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டின மோட்டார். மோட்டார் அளவுக்கு மேல சூடானா கரண்ட்டை வெட்டி விடறதுதான் அந்தப் பெட்டியோட வேலை. வெட்டல. காயில் கருகற வரைக்கும் வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கு.

கீழ் மாடியில அசெம்ப்ளி, மேல் மாடியில நாங்க நாலு பேரு. பெட்டிக்குள்ள இருக்கற சிப்புக்குப் புரோகிராம் எழுதறவங்க. ஜெபராஜ் அண்ணே மூத்தவர், நாசரேத்துக்காரர். அடுத்து நான். அப்புறம் இம்ரான், ஹர்ஷினி, ரெண்டும் சின்ன உருப்படிக. முதலாளி நாச்சிமுத்து சார் காலையிலயே நாலு பேரையும் நிக்க வெச்சுட்டாரு.

கருகின மூணு மோட்டாரோட பெட்டியும் மே மாசம் போனது. நாங்க எழுதற புரோகிராம் கோடை சிப்புக்குப் புரியற மாதிரி மாத்தணும், அதுக்குப் பேரு கம்பைல். எப்பவும் ஜெபராஜ் அண்ணே சிஸ்டத்துலதான் அதைப் பண்ணி அனுப்புவோம். மே மாசம் அவர் ஊர்ல சர்ச் அசன விருந்துக்குச் சோறு பொங்கப் போயிட்டாரு. அவசர ஆர்டர்னு இம்ரான் தன் சிஸ்டத்துல பண்ணிட்டான். கோடு ஒரு எழுத்து மாறல. அண்ணே சிஸ்டத்துல இருந்து போன பெட்டி வெட்டுது, இம்ரான் சிஸ்டத்துல இருந்து போன பெட்டி வெட்டல.

"என் சிஸ்டத்துல ஓடுதுங்களே சார்"னு இம்ரான் அழாத குறையாச் சொன்னான்.

"உன்ர சிஸ்டத்தையா கிணத்துல இறக்கறோம்?"னாரு முதலாளி.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அடக்கிட்டேன். மே மாசம் போன பெட்டி அத்தனையையும் திருப்பி எடுத்துட்டு வர ஆள் போயிருக்கு.

ஜூன் 4, புதன்

முதலாளி என்னை மட்டும் ரூமுக்குக் கூப்பிட்டாரு.

"ஒரு ஆளோட சிஸ்டத்தை நம்பி என்ர கம்பெனியே தொங்குதுங்க அம்மிணி. இது ஆகாது. நாலு சிஸ்டத்து செட்டிங்கையும் ஒண்ணாக்கிப் போடுங்க. எதுல பண்ணினாலும் ஒரே மாதிரி வரோணும்."

"ஆகட்டுங்க சார்."

"அது முடிஞ்சுதுன்னா ஜெபராஜு நமக்கு எதுக்குங்க? அந்தாளு என்னமோ ஒளிச்சு வெச்சிருக்காரு. தான் இல்லாட்டிக் கம்பெனி ஓடாதுன்னு காட்டறாரு. நீங்க மேனேஜர் ஆயிக்குங்க. கண்ணாடி ரூம் சும்மாதான கெடக்குது."

எனக்கு மேனேஜர் ஆகணும்னு ஆசையெல்லாம் ஒண்ணும் இல்ல. கண்ணாடி ரூம்ல டேபிளை ஜன்னல் பக்கம் போட்டா ஏசிக் காத்து நேரா மண்டையில அடிக்கும். சுவத்தோரம் போட்டாத்தான் சரியா இருக்கும்.

ஜெபராஜ் அண்ணேக்கு அம்பது தாண்டியாச்சு. மூத்த பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருஷம். இந்த வயசுல வெளிய போனா எவன் கூப்பிட்டு வேலை குடுப்பான். அது முதலாளி பாடு, அண்ணே பாடு. என் வேலை செட்டிங்.

ஜூன் 6, வெள்ளி

செட்டிங் எல்லாம் எடுத்துப் பாத்தேன். அட ராமா.

ஹர்ஷினி எல்லா வார்னிங்கையும் அணைச்சு வெச்சிருக்கா. 'இந்த வரி சரியாப் படல, ஒருதடவை பாத்துக்கோ'ன்னு கம்பைலர் நம்மகிட்டச் சொல்றதுதான் வார்னிங். "ஏம்மா அணைச்சே?"ன்னா, "மஞ்சமஞ்சளா வந்துட்டே இருக்குக்கா, கண்ணை உறுத்துது"ங்கறா. இம்ரான் எல்லாத்தையும் உச்ச வேகத்துல வெச்சிருக்கான். பைக்கும் அப்படித்தான் ஓட்டறான். என்னோடது? கம்பைலரே ஓட்டைப் பழசு. அப்டேட் பண்ணவான்னு கேக்கறப்பெல்லாம் 'பிறகு'ன்னு அமுக்கி அமுக்கியே காலத்தை ஓட்டியிருக்கேன். இந்த லட்சணத்துல மத்தவங்களைச் சொல்றேன்.

ஜெபராஜ் அண்ணே மட்டும் குடுக்கல. "நாளைக்குத் தாரேன்"னாரு.

ஜூன் 9, திங்கள்

சிறுவாணித் தண்ணி வந்துச்சு. டிரம் எல்லாம் ரொப்பியாச்சு. மத்தபடி ஒண்ணுமில்ல.

ஜூன் 10, செவ்வாய்

அண்ணேகிட்ட மறுபடியும் கேட்டேன்.

"செட்டிங்கு ஆளாளுக்கு ஒண்ணு தங்கச்சி. இன்னைக்கு இதைப் பொதுவாக்குவிய, நாளைக்குப் பல்லு விளக்குத பிரஷ்ஷும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்னு சொல்லுவிய."

"சொன்னாலும் சொல்லுவாரு நம்ம முதலாளி"ன்னேன்.

சிரிச்சாரு. சிரிச்சுட்டே கேட்டாரு, "எல்லா சிஸ்டமும் ஒண்ணாயிட்டா எனக்கு இங்கன என்ன சோலி இருக்கு?"

நான் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பிச்சுட்டேன். லெமன் சாதத்துல உப்பே போடல. அதைக் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்னேன்.

சாயங்காலம் செட்டிங்கை அனுப்பிட்டாரு. ஒரே வரி, ரயில் மாதிரி நீளம். ஒரு சிஸ்டம் போய் அடுத்த சிஸ்டம் வர வர, அதை அப்படியே தூக்கிட்டு வந்திருக்காரு. பாதிக்கு மேல எதுக்குன்னு எனக்கே தெரியல.

ஜூன் 13, வெள்ளி

பொதுச் செட்டிங் போட்டாச்சு. எல்லாருக்கும் ஒரே கம்பைலர், ஒரே வேகம், எல்லா வார்னிங்கும் ஆன். ஒரே ஒரு வார்னிங் இருந்தாலும் கம்பைல் அப்படியே நின்னுரும். அண்ணேவோட ரயில் வரியில எதுக்குன்னு தெரியாத வார்த்தையையெல்லாம் கழட்டி விட்டுட்டேன். "இதெல்லாம் எதுக்கு வெச்சீங்க?"ன்னு கேட்டதுக்கு, "முன்னாடி இருந்துச்சு, இப்பமும் இருக்கு"ன்னாரு. இது ஒரு பதிலா?

கம்பைல் பண்ணினா நாலு சிஸ்டமும் ஒரே சிவப்பு. ஹர்ஷினி எந்திரிச்சு நின்னுட்டா.

"அக்கா, நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இருந்துச்சுக்கா!"

"ஓடல. ஓடற மாதிரி நடிச்சுட்டு இருந்துச்சு."

ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக் குடுத்தேன். இம்ரான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்தான். அண்ணே சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு, தன் பங்கை முடிச்சுட்டு, ஹர்ஷினி பங்குலயும் பாதியை இழுத்துப் போட்டுட்டாரு. தன் வேலைக்குத் தானே வேட்டு வெக்கறோம்னு தெரியுமோ தெரியாதோ.

தெரியும். செவ்வாய்க்கிழமையே கேட்டாரே.

ஜூன் 17, செவ்வாய்

வார்னிங் எல்லாம் தீந்துருச்சு, ஒண்ணைத் தவிர. அது முதலாளியோட ஃபைல்ல இருக்கு.

சூடானா வெட்டற வேலையைப் பாக்கற ஃபைல் அது. கம்பெனி ஆரம்பிச்சப்ப முதலாளி தன் கையால எழுதினது. அதை யாரும் தொடக் கூடாது. புதுசா ஒரு ஆள் சேந்தா, பாத்ரூம் எங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்லுவோம். ஆயுத பூஜைக்கு அந்த ஃபைலை பிரிண்ட் எடுத்து, சந்தனம் குங்குமம் வெச்சு, சாமி படத்துக்குக் கீழ வெப்பாங்க. பொரி கடலைக்குப் பக்கத்துல.

அந்த ஃபைல்ல ஒரு வரியைக் காட்டி, 'இந்த ஒப்பீடு எப்பவும் பொய்'ங்குது கம்பைலர். வரி ரொம்பச் சாதாரணம். சூடு 135-ஐத் தாண்டினா வெட்டு. ஆனா சூட்டைப் போட்டு வெச்சிருக்கற இடம் சின்னது. அதுல மைனஸ் எண்ணும் வரணும்னா 127-க்கு மேல கொள்ளாது. தாண்டினா குப்புற விழுந்து மைனஸ்ல போயிரும். மோட்டார் வெந்துட்டு இருக்கும், பெட்டி ஊட்டியில மார்கழிக் குளிர்ல நிக்கறதா நெனச்சுக்கும். மைனஸ் வேண்டாம்னு சொல்லிட்டா 255 வரைக்கும் தாராளமாக் கொள்ளும். வேணுமா வேண்டாமான்னு முதலாளி எழுதல. எழுதலைன்னா அது கம்பைலர் இஷ்டம்.

அண்ணேவோட ரயில் வரியில 'மைனஸ் வேண்டாம்'னு ஒரு வார்த்தை இருந்துச்சு. நான் கழட்டினதுல அதுவும் ஒண்ணு. இம்ரான் சிஸ்டத்துல அது எப்பவுமே இருந்ததில்ல. அவ்வளவுதான் விஷயம். லேப்ல யாரும் மோட்டாரை எண்பதுக்கு மேல சூடாக்கிப் பாத்ததில்ல. கரண்ட் பில்லுக்கு முதலாளி சத்தம் போடுவாரு.

ஜூன் 18, புதன்

அண்ணேவை எதிர் பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போய் டீ சொன்னேன். 135-ன்னு நான் சொன்ன உடனே நெத்தியில அடிச்சுக்கிட்டாரு.

"அட, ஆமா! சேந்த புதுசுல நாந்தான் கண்டுபிடிச்சேன். நேரா முதலாளி ரூமுக்குப் போய்ச் சொன்னேன். 'நான் எழுதுனதுல தப்பா? தப்பு உன் பக்கம் இருக்கும், உன் பக்கம் பாரு'ன்னாரு. சரின்னு என் பக்கம் பாத்தேன். அவரு ஃபைலைத் தொடாம, என் செட்டிங்குல ஒத்தை வார்த்தையைப் போட்டு விட்டேன். பெறவு எதுக்குப் போட்டோம்ங்கறதே மறந்து போச்சு."

"போய்ச் சொல்லுங்க அண்ணே. நீங்க வேணும்னே ஒளிச்சு வெச்சிருக்கறதா அவர் நெனச்சுட்டு இருக்காரு."

சொல்லியிருக்கக் கூடாது. வாய் சும்மா இருக்காதே எனக்கு. அண்ணே டீ கிளாஸைக் கீழ வெச்சாரு.

"அப்படியா நெனக்காரு?" கொஞ்ச நேரம் ரோட்டைப் பாத்தாரு. "எப்பம் அனுப்பப் போறாரு?"

"எனக்குத் தெரியாது."

"வேண்டாம் தங்கச்சி. சந்தனம் வெச்சுக் கும்பிடுத ஃபைலு. மூணு மோட்டாரும் உங்க வரியாலதான் கருகுச்சுன்னு சொன்னா மனுசன் தாங்க மாட்டாரு. அந்த வார்த்தையப் பொதுச் செட்டிங்ல சேத்துரு. வார்னிங்கும் வராது, பெட்டியும் ஒழுங்கா வெட்டும். யாருக்கும் சங்கடம் இல்ல."

"உங்களுக்கு?"

"எனக்கு என்ன, ஊருல வீடு இருக்கு"ன்னாரு. அந்த வீட்டுல அவங்க தம்பி குடும்பம் இருக்கறது எனக்குத் தெரியும்.

வார்த்தையைச் சேக்கறது ஒரு நிமிஷ வேலை.

ஜூன் 20, வெள்ளி

முதலாளி கூப்பிட்டாரு. "ஆச்சுங்களா அம்மிணி?"

"ஆன மாதிரிதானுங்க சார்."

"திங்கக்கிழமை என்ர லேப்டாப்புல பண்ணிக் காட்டுங்க. எதுல வேணா ஓடும்னா என்னுதுலயும் ஓடோணுமில்ல? மாசக் கடைசியோட ஜெபராஜுக்குக் கணக்கை முடிச்சரலாம். நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. உங்களுக்கு அண்ணனாட்டத்தான."

"சார், அந்த மோட்டார் கருகினதுக்குக் காரணம் என்னன்னு பாத்தேனுங்க..."

"காரணம் எனக்குத் தெரியுமுங்க. ஆளுதான் காரணம்."

அதுக்குள்ள போன் வந்துருச்சு. பேசிட்டே கையைக் காட்டினாரு, போலாம்னு. வந்துட்டேன்.

பொதுச் செட்டிங்கைத் திறந்தேன். மூடினேன். சாரல் அடிச்சுட்டு இருந்துச்சு, ஸ்கூட்டர்ல மழைக்கோட்டு இல்ல. திங்கக்கிழமை வந்து அந்த வார்த்தையைச் சேத்துக்கலாம்னு கிளம்பிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

பையனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கினோம். போன வருஷத்து ஷூவுல பாதிக் கால்கூட நுழையல. மத்தியானத்துக்கு வீட்டுக்காரர் மட்டன் எடுத்திருந்தாரு, அடி பிடிச்சுருச்சு. குக்கரைத் தேய்ச்சுட்டு இருந்தப்ப இவர் வந்து, "அது எப்பவோ பளபளன்னு ஆயிருச்சு, அதைப் போட்டு இன்னும் என்னத்துக்குத் தேய்க்கறே?"ன்னாரு. கவனிக்கல.

"நாளைக்கு மேனேஜர் ஆயிருவியா?"ன்னு கேட்டாரு.

"அதைப் பத்தி நான் எங்க நெனச்சேன்"னேன்.

ஜூன் 23, திங்கள்

காலையில இம்ரான் முதலாளி லேப்டாப்புல கம்பைலரையும் பொதுச் செட்டிங்கையும் ஏத்தினான். "எல்லாம் ரெடியாக்கா? ஏதாச்சும் சேக்கணுமா?"ன்னு என்னைக் கேட்டான். "இருக்கறதை ஏத்து"ன்னேன்.

எல்லாரும் சுத்தி நின்னோம். முதலாளி வாட்சைக் கழட்டி வெச்சுட்டு, புது வண்டிக்குச் சாவி போடற மாதிரி பட்டனை அமுக்கினாரு. ஃபைல் ஒவ்வொண்ணாப் பச்சையில ஓடுச்சு. அவருக்குச் சந்தோஷம். "பாத்தீங்களா, ஆளு தேவையே இல்ல"ன்னாரு. ஜெபராஜ் அண்ணே பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தாரு.

கடைசியில அவரோட ஃபைல். சிவப்பு. நின்னுருச்சு.

கண்ணாடியை மாட்டிட்டு ஒவ்வொரு வார்த்தையாப் படிச்சாரு. "எப்பவும் பொய். என்னுங்க அம்மிணி இது? இது என்ர வரியல்லோ?"

ஹர்ஷினிதான் பாடம் ஒப்பிக்கற மாதிரிச் சொல்லிட்டா. "இதை எழுதினவங்க மைனஸ் வேணுமா வேண்டாமான்னு சொல்லாம விட்டுட்டாங்க சார். சூடு 127-ஐத் தாண்டினா பெட்டிக்குத் தெரியாது. இம்ரான் சிஸ்டத்துல பண்ணினது அதனாலதான் வெட்டல." சொல்லி முடிச்சப்பறம்தான் அவளுக்கு உறைச்சுது. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டா.



"அப்பறம் இத்தனை வருஷம் எப்படி வெட்டுச்சு?"

"என் செட்டிங்ல மைனஸ் வேண்டாம்னு போட்டிருந்தேன் சார்"னாரு அண்ணே. குனிஞ்சுட்டுத்தான் சொன்னாரு.

"அதை ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னேன் சார். தப்பு உன் பக்கம் இருக்கும், உன் பக்கம் பாருன்னு சொன்னிய."

முதலாளி திரையையே பாத்துட்டு இருந்தாரு. காது ரெண்டும் செவந்து போச்சு. கத்தப் போறாருன்னு நெனச்சேன். இம்ரான் ஒரு அடி பின்னால போயிட்டான்.

"ஆமா"ன்னாரு. "வந்து சொன்னான். நாந்தான் தொரத்தி விட்டேன்."

லேப்டாப்பை இழுத்து மடிப்பக்கம் வெச்சுக்கிட்டாரு. "அந்த வார்த்தையை எந்த எடத்துலப்பா போடோணும்?"

அண்ணே திரையில விரலை வெச்சாரு. "இங்கன சார். இந்தப் பேருக்கு முன்னால."

முதலாளியே ஒத்தை விரல்ல அடிச்சாரு. முதல் தடவை ஒரு எழுத்தை விட்டுட்டாரு. நாங்க யாரும் சொல்லல, கம்பைலர் சொல்லுச்சு. திருத்தினாரு. எல்லாம் பச்சை.

எந்திரிச்சு வாட்சைக் கட்டிக்கிட்டாரு. "ஜெபராஜு, வண்டியை எடு. பல்லடம் போயிட்டு வருவோம்."

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பிரஷரா இருக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

மோட்டார் போன மூணு பேர் வீட்டுக்கும் போனாங்களாம். புதுக் காயில் கட்டித் தர்றது என் பொறுப்புங்க, தப்பு என்னுதுன்னு முதலாளியே கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாராம். ஒருத்தர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாராம். தண்ணியில்லாம அரைத் தோட்டம் காஞ்சு போச்சு, வாங்காம என்ன செய்வாரு. முதலாளி பொறுமையா நின்னு கேட்டுட்டு வந்தாராம்.

அண்ணே இதையெல்லாம் சொல்லிட்டு, கடைசியா, "அந்த வார்த்தையச் சேக்கச் சொன்னம்லா?"ன்னாரு.

"மறந்துட்டேன் அண்ணே."

என் மூஞ்சியையே பாத்தாரு. "மறந்துட்டே"ன்னாரு. அப்புறம் எந்திரிச்சுப் போய் எனக்கும் சேத்து டீ வாங்கிட்டு வந்தாரு.

ஜூன் 25, புதன்

கேஸ் சிலிண்டர் வந்துச்சு. முதலாளி என்கிட்டப் பேசல. எதிர்ல வந்தாலும் போனைக் காதுல வெச்சுக்கறாரு.

ஜூன் 27, வெள்ளி

இன்னைக்குக் கூப்பிட்டாரு. உக்காரச் சொன்னாரு. காபி வந்துச்சு. காபி வந்தாலே பின்னால ஏதோ வருதுன்னு அர்த்தம்.

"அந்தச் செட்டிங்குல ஜெபராஜு வார்த்தை ஒண்ணு இருந்துச்சு. அதைச் சேத்திருந்தா என்ர வரியில நின்னிருக்காதுன்னு இம்ரான் சொல்றானுங்க. வேணும்னேதான் விட்டீங்களா?"

"மறந்துட்டேனுங்க சார்."

"நேரா வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே அம்மிணி. நாலு பேரு முன்னால என்னை உக்கார வெச்சு..."

"வந்தேனுங்க. காரணம் என்னன்னு பாத்தேன்னு ஆரம்பிச்சேன். ஆளுதான் காரணம்னீங்க. போன் வந்துருச்சு."

மேசை மேல இருந்த பேனாவை நேரா வெச்சாரு, கோணலா வெச்சாரு, மறுபடி நேரா வெச்சாரு.

"ஜெபராஜு இருக்கட்டும். எவ்வளவு நாளைக்கு வேணும்னாலும் இருக்கட்டும். கணக்கை முடிக்கறதைப் பத்தி அவருகிட்ட ஒண்ணும் சொல்லீரலீங்களே?"

"இல்லீங்க சார்."

"நல்லது"ன்னாரு. காபியை என் பக்கம் நகத்தினாரு. "ஆனா பாருங்க, மறதி இருக்கறவங்களுக்கு மேனேஜர் வேலை சரிப்படாதுங்க அம்மிணி."

குரல்ல கோபமே இல்ல. கல்யாணத்துல பந்திக்கு உபசரிக்கற மாதிரிச் சொன்னாரு.

"சரிங்க சார்"னேன். காபியைக் குடிச்சு முடிச்சேன், கதவைச் சாத்திட்டு வந்து என் சீட்ல உக்காந்தேன். கொஞ்ச நேரம் திரை சரியாத் தெரியல. பக்கத்து சீட்ல இருந்து ஜெபராஜ் அண்ணே, "ஏல இம்ரானு, வார்னிங்கப் பாத்துட்டுப் போலே"ன்னு கத்திட்டு இருந்தாரு.